ஆர்ஸ் ஊர்ப் பங்குச் சுவாமியார்

யூபிலி மலரில் புனிதர் ஒருவருடைய வரலாறு இடம்பெறுவது நம் வழக்கம். இம்முறை யாரைப்பற்றி எழுதலாம் என்று கூடிப் பேசியபோது சவேரியார், அருளானந்தர், அந்தோனியார் என்று பல பெயர்கள் எழுந்தன. முடிவில் பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியைத் தேர்ந்துகொண்டோம். மற்றவர்கள் கடல் கடந்தார்கள், நாடு நாடாக நடந்தார்கள். இவரோ ஒரே சிற்றூரில், ஒரே கோவிலில், நாற்பத்தோர் ஆண்டுகள் இருந்தார். தம் கண் முன்னால் இருந்த மக்களோடேயே வாழ்ந்து புனிதரானார். அந்த மக்களும் நம்மைப் போன்றவர்களே. தங்கள் சுவாமியாரை ஏசினார்கள், புகழ்ந்தார்கள், மொட்டைக் கடிதம் எழுதினார்கள், ஒருநாள் இரவு அவர் ஊரைவிட்டுப் போக முயன்றபோது வழியை மறித்தார்கள். ஆகவே இவர் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல.

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகே தார்டிலி என்றொரு கிராமம். அங்கே 1786-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் வியான்னி பிறந்தார். தந்தை மத்தேயு, தாய் மரியா, உழவர் குடும்பம். பிள்ளைகள் அறுவரில் இவர் நான்காமவர். வாசலுக்கு வரும் பிச்சைக்காரருக்கு அடுப்படியில் இடமும் சூடான கஞ்சியும் கொடுப்பது அந்த வீட்டில் பாட்டன் காலத்து வழக்கம். சிறுவனாக இருந்தபோது ஆடு மாடு மேய்த்தார், பிறகு அண்ணனோடு வயலில் மண்வெட்டி பிடித்தார்.

இவருக்கு மூன்று வயதானபோது பிரஞ்சுப் புரட்சி வெடித்தது. அரசுக்குக் கட்டுப்பட்டு உறுதிமொழி எடுக்க மறுத்த குருக்கள் வேட்டையாடப்பட்டார்கள், கோவில்கள் பூட்டப்பட்டன. கொல்லன், தச்சன் போன்ற வேடங்களில் மறைந்து வாழ்ந்த குருக்கள் இரவு வேளைகளில் வைக்கோற்போரின் மறைவிலும் வீட்டு அறைகளிலும் திருப்பலி நிறைவேற்றினார்கள். வியான்னி பதின்மூன்றாம் வயதில், 1799-இல், எக்குல்லி என்ற ஊரில் இப்படியொரு வீட்டில்தான் முதல் நற்கருணை வாங்கினார். மெழுகுதிரி வெளிச்சம் வெளியே தெரியாதிருக்க, சன்னல்களுக்கு எதிரே வைக்கோல் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். குரு என்றால் யார், அவருக்காக ஒரு ஊர் எவ்வளவு துணியும் என்பதை அச்சிறுவன் அன்று கண்டுகொண்டான். தானும் குருவாக வேண்டும் என்ற ஆசை அந்த நாட்களில் வேரூன்றியது.

ஆசை மட்டும் போதவில்லை. புரட்சிக் காலத்தில் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கவில்லை. இருபது வயதை எட்டும்போது எழுதப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். எக்குல்லிப் பங்குக் குருவான பாலே சுவாமி அவரைத் தம் வீட்டில் வைத்துக் கற்பிக்க இசைந்தார். கலப்பை பிடித்த கைக்கு லத்தீன் இலக்கணம் பிடிபடவில்லை. காலையில் படித்தது மாலையில் மறந்துபோகும். கூடப் படித்தவர்களோ பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களில் மத்தியாஸ் லொராஸ் என்ற கெட்டிக்காரச் சிறுவன், தன்னைவிட ஆறு வயது மூத்த இந்த மந்த மாணவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பொறுமையிழந்து, ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் அவரை அறைந்துவிட்டான். வியான்னிக்கும் கோபம் இல்லாமலில்லை. இயல்பிலே அவர் சூடான சுபாவமுள்ளவர் என்றுதான் அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அறைந்தவன் முன் அறை வாங்கியவர் முழந்தாளிட்டு, தம் மந்தபுத்திக்காக மன்னிப்புக் கேட்டார். சிறுவன் அழுதுகொண்டே அவரைக் கட்டிக்கொண்டான். பிற்காலத்தில் அமெரிக்காவில் டுபியூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரான லொராஸ் அந்தக் காட்சியை மறக்கவே இல்லை.

1809-இல் நெப்போலியனின் படைக்கு ஆள் எடுத்தபோது வியான்னிக்கும் அழைப்பு வந்தது. வழியில் நோயுற்றுப் படையிலிருந்து பின்தங்கினார், வழி தவறினார், மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில் ஓராண்டுக்கும் மேலாக வேறு பெயரில் மறைந்திருந்தார். சட்டப்படி அவர் படையைவிட்டு ஓடியவர். 1810-இல் பொதுமன்னிப்பு வந்தது. ஆனால் அவருக்குப் பதிலாக அவருடைய தம்பி படையில் சேர வேண்டியிருந்தது. சென்ற தம்பி திரும்பி வரவேயில்லை. இதை மறைத்துவிட்டுப் புனிதர் வரலாறு எழுதுவாரும் உண்டு. நமக்கு அது சரியாகப் படவில்லை. தம் குருத்துவத்துக்காகப் பிறர் கொடுத்த விலை எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தம்மைப் பற்றி அவர் ஒருபோதும் பெரிதாக நினைக்க முடியாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறோம்.

பின்னர் குருமடம் சென்றார். லியோன் பெரிய குருமடத்தில் பாடங்களும் தேர்வுகளும் லத்தீனில் நடந்தன. சில மாதங்களில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாலே சுவாமி விடவில்லை. மறுபடியும் பிரஞ்சு மொழியிலேயே பாடம் சொல்லிக்கொடுத்து, மேலிடத்தில் மன்றாடினார். அப்போது மறைமாவட்டப் பொறுப்பிலிருந்த குர்போன் என்ற முதன்மைக் குரு, இந்த இளைஞன் பக்தியுள்ளவனா, செபமாலை சொல்லத் தெரியுமா என்று விசாரித்தார். பக்தியில் அவனுக்கு ஈடில்லை என்ற பதில் வந்தது. அப்படியானால் அழைத்துக்கொள்வோம், மீதியைத் தேவ அருள் பார்த்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார். அன்று அவர் அப்படி முடிவெடுக்காதிருந்தால் பங்குக் குருக்களுக்கு இந்தப் பாதுகாவலர் கிடைத்திருக்க மாட்டார். 1815 ஆகஸ்டு 13-ஆம் நாள் கிரனோபிள் நகரில் குருப்பட்டம். கையில் சிறு மூட்டையோடு தனியாக நடந்தே அங்கு போய்ச் சேர்ந்தார். அபிஷேகம் பெற்ற பின்னும் பாவசங்கீர்த்தனம் கேட்க அவருக்கு உடனே அனுமதி தரவில்லை. பிற்காலத்தில் பிரான்சு முழுவதும் யாரிடம் சங்கீர்த்தனம் செய்யத் தேடி வந்ததோ, அவரேதான் இவர்.

பாலே சுவாமி 1817 டிசம்பரில் இறந்தார். அடுத்த பிப்ரவரியில் வியான்னி ஆர்ஸ் ஊருக்கு அனுப்பப்பட்டார். மொத்தம் 230 பேர் கொண்ட குக்கிராமம், சேற்று வழி, மூடுபனி. வழி தெரியாமல் நின்றவருக்கு ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன்தான் ஊரைக் காட்டினான். தனக்கு வழிகாட்டிய அவனுக்கு மோட்ச வழியைத் தான் காட்டுவதாக அவர் வாக்களித்த நிகழ்ச்சியை நாமெல்லாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். ஆர்ஸ் ஊரில் இன்றும் அந்த இடத்தில் சிலை நிற்கிறது.

ஆர்ஸ் மக்கள் கெட்டவர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமையில் வயல் வேலை, மாலையில் சாராயக் கடை, அதற்குமேல் நடனம். கடவுளை அவர்கள் மறுக்கவில்லை, மறந்திருந்தார்கள். புதிய சுவாமியார் வந்ததும் அறைவீட்டிலிருந்த நல்ல கட்டில், நாற்காலிகளையெல்லாம் அவற்றைக் கொடுத்துதவிய மாளிகைச் சீமாட்டிக்கே திருப்பி அனுப்பினார். மெத்தையை ஏழைக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். வாரத்துக்கு ஒருமுறை ஒரு சட்டி உருளைக்கிழங்கு அவித்து வைத்துக்கொள்வார். பசித்தால் ஒன்று, இரண்டு எடுத்து ஆறிப்போனதையே தின்பார். வாரக் கடைசியில் அதில் பூஞ்சை பூத்திருக்கும். விடியுமுன்னே கோவிலில் போய் முழந்தாளிட்டு, இந்தப் பங்கு மனந்திரும்ப வேண்டும் என்று மணிக்கணக்கில் மன்றாடுவார்.

அவருடைய ஆரம்ப காலப் பிரசங்கங்கள் மிகவும் கண்டிப்பானவை. நடனத்தை விடாதவர்களுக்குப் பாவமன்னிப்புக் கொடுக்கவே மறுத்தார். மனம் கசந்து வேறு பங்குக்குச் சங்கீர்த்தனத்துக்குப் போனவர்களும் உண்டு. அளவு மீறிய அந்த உபவாசங்களைப் பிற்காலத்தில் அவரே இளமையின் பித்து என்று கருதினார். வயது ஏற ஏறக் கண்டிப்புக் குறைந்து கனிவு மிகுந்தது. பாவிகளுக்குச் சிறிய தவமுயற்சியையே விதித்தார், மீதியை அவர்களுக்காகத் தாமே செய்தார். உருளைக்கிழங்குச் சட்டியை நாம் கண்டு பாவிக்க வேண்டியதில்லை. தம்மைத் திருத்திக்கொள்ளத் தயங்காத மனத்தைத்தான் நாம் பார்க்கிறோம்.

இப்படிப்பட்டவரை ஊர் உடனே கொண்டாடியிருக்கும் என்று எண்ணினால் தவறு. அறைவீட்டின் அருகே வசித்த பெண் ஒருத்தி மணமாகாமலே தாயானாள். பழியைச் சுவாமியார்மேல் போட்டார்கள். அவருடைய உடல் மெலிவுக்கும் முகவெளுப்புக்கும் உபவாசம் காரணமல்ல, ஒழுக்கக்கேடே காரணம் என்று பேசிக்கொண்டார்கள். இரவில் சன்னலுக்கு வெளியே கெட்ட பாட்டுக்கள் பாடினார்கள், கதவில் அசுத்தத்தைப் பூசினார்கள், சுவரில் இழிவான அறிக்கைகளை ஒட்டினார்கள். ஆயரகத்துக்கு மொட்டைக் கடிதங்கள் பறந்தன. விசாரணையும் நடந்தது. குற்றம் ஏதும் இல்லையென்று தெளிந்தது. இந்த ஆண்டுகளில் அவர் எத்தனை இரவு அழுதிருப்பார்! ஊரைவிட்டே போய்விடலாம் என்று தோன்றியதும் உண்டு. ஆயினும் கோவில் மேடையிலிருந்து யாரையும் குத்திக்காட்டவில்லை. பழி சொன்னவர்கள் யாரென்று தெரிந்தும் அவர்களோடு அன்பாகவே நடந்துகொண்டார்.

மொட்டைக் கடிதம் என்றதும் நாம் சற்று நெளிகிறோம். பங்கு என்றிருந்தால் அது இல்லாமற் போகாது போலும். யார் எழுதினார் என்று கண்டுபிடிப்பதில் நாம் செலவிடும் நேரத்தில் ஒரு செபமாலையைச் சொல்லி முடித்துவிடலாம்.

ஊராரின் ஏச்சைவிடக் கூடக்குறைய அவரை வருத்தியிருக்கக்கூடியது உடன் குருக்களின் ஏளனம். அவருடைய புகழ் அக்கம்பக்கம் பரவத் தொடங்கி, வேறு பங்கு மக்களும் அவரிடம் வரவே, படிப்பில்லாத இந்த மனிதர் ஆன்மாக்களை நடத்துவதா என்று பலர் கேட்டார்கள். பொர்ஜோன் என்ற இளம் பங்குக் குரு, இவ்வளவு குறைந்த இறையியல் அறிவுள்ளவர் சங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரவே கூடாது என்று அவருக்கே நேரடியாகக் கடிதம் எழுதினார். வியான்னி பதில் எழுதினார். தம்மை உள்ளபடி அறிந்த ஒரே நண்பர் இவர்தான் என்று நன்றி கூறி, இந்தப் பொறுப்பிலிருந்து தமக்கு விடுதலை கிடைக்க உதவுமாறும், ஒரு மூலையில் ஒதுங்கித் தம் பாவங்களுக்காக அழ வேண்டும் என்பதே தம் ஆசை என்றும் தெரிவித்தார். பதிலைப் படித்த பொர்ஜோன் சுவாமி வெட்கித்து, ஆர்ஸுக்கு ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார்.

பிறகொருமுறை, வியான்னியின் அறியாமையையும் விசித்திரப் போக்கையும் ஆயருக்கு எடுத்துரைக்கும் முறையீடு ஒன்று குருக்களிடையே சுற்றுக்கு விடப்பட்டது. ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டு அனுப்பிய அந்தத் தாள் எப்படியோ வியான்னியின் கைக்கே வந்து சேர்ந்தது. அவர் அதைப் படித்தார், எழுதுகோலை எடுத்தார், அடியில் தம் கையெழுத்தையும் போட்டு ஆயருக்கு அனுப்பி வைத்தார். கேலிக்காகச் செய்தார் என்று யாரும் எண்ண வேண்டாம். அதில் எழுதியிருந்தது உண்மை என்றே அவர் நம்பினார். ஆயர் தெவி ஆண்டகை விவேகமுள்ளவர். கடினமான சிக்கல்களில் வியான்னி கொடுத்த தீர்ப்புகளை வரவழைத்துப் பார்த்தார், குறைகாண இடமில்லை. தம் குருக்களுக்கெல்லாம் இந்தப் பித்தில் சிறிதளவாவது இருக்கக்கூடாதா என்றுதான் ஆயர் ஏங்கினார்.

ஒருநாள் ஒரே தபாலில் அவருக்கு இரண்டு கடிதங்கள் வந்தனவாம். ஒன்று அவரைப் பெரிய புனிதரென்று புகழ்ந்தது, மற்றது வேடக்காரர் என்று இகழ்ந்தது. முதற்கடிதம் தமக்கு எதையும் சேர்க்கவில்லை, இரண்டாவது தம்மிடமிருந்து எதையும் எடுத்துவிடவில்லை, கடவுள் முன்னிலையில் எப்படி இருக்கிறோமோ அப்படித்தான் இருக்கிறோம் என்பது அவர் முடிவு. இதைப் படிப்பது எளிது. ஏச்சுக்கு அசையாதவர்கள்கூடப் புகழ்ச்சிக்கு அசைந்துவிடுவார்கள். வியான்னிக்குப் பின்னால் வந்த சோதனை புகழ்ச்சிதான், அதுதான் நீண்டது.

1830-க்குப் பின் ஆர்ஸுக்கு யாத்திரிகர் கூட்டம் பெருகியது. முதலில் நூற்றுக்கணக்கில், பிறகு ஆண்டுக்குப் பல்லாயிரக்கணக்கில். லியோன் ரயில் நிலையத்தில் ஆர்ஸ் பயணத்துக்கென்றே தனியாகச் சீட்டு விற்றார்கள், எட்டு நாளைக்குச் செல்லக்கூடிய சீட்டு. சங்கீர்த்தனம் செய்ய நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததல்லவா! சுவாமியார் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கே கோவிலுக்கு வந்துவிடுவார். பல நாட்களில் பதினைந்து, பதினாறு மணி நேரம் அந்தத் தொட்டிக்குள் இருந்தார். குளிர்காலத்தில் கால் விறைத்துப்போகும், கோடையில் மூச்சு முட்டும். நோயாளிகள் குணமடைந்தால் எல்லாம் புனித பிலோமினம்மாளின் வேலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

கோவிலிலிருந்து அறைவீட்டுக்குச் சில அடி தூரந்தான். ஆனால் அதைக் கடப்பதற்குள் மக்கள் அவருடைய அங்கியைக் கத்தரிப்பார்கள், தலைமயிரைக்கூட வெட்டிக்கொள்வார்கள். அவர் ஒரு தந்திரம் செய்வார். பையிலிருந்து கைநிறைய மெடல்களை எடுத்துக் கூட்டத்தில் எறிவார். எல்லாரும் குனிந்து பொறுக்கும் நேரத்தில் உள்ளே புகுந்து கதவைத் தாழிட்டுக்கொள்வார். கடைகளில் அவருடைய படங்கள் சில்லறைக் காசுக்கு விற்பனையாயின. அதைக் கண்டால் வேதனை கலந்த வேடிக்கையாக, தம் விலை அவ்வளவுதான் என்பார். படம் எழுத உட்காரும்படி யார் கேட்டும் அவர் இசையவில்லை. கபுஷே என்ற சிற்பி, மறைக்கல்வி நேரத்தில் கூட்டத்தோடு உட்கார்ந்து, தொப்பிக்குள் மெழுகை மறைத்து வைத்துக்கொண்டுதான் அவர் முகத்தை வடித்தார்.

1852-இல் புதிய ஆயர் ஷலாந்தோன் ஆண்டகை அவருக்குக் கௌரவ கானன் பட்டம் அளித்தார். அறிவித்தால் ஓடிவிடுவார் என்று தெரிந்து, அதற்குரிய தோளங்கியை மறைத்துக் கொண்டுவந்து கோவில் வாசலிலேயே போர்த்திவிட்டார். சுவாமியாரின் முகம் தூக்குமேடைக்குப் போகிறவருடைய முகம்போல இருந்தது என்று கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆயர் புறப்பட்டதும் அதை ஓர் அம்மையாருக்கு ஐம்பது பிராங்குக்கு விற்றுவிட்டார். தரும காரியத்துக்குச் சரியாக ஐம்பது பிராங்கு குறைந்திருந்ததாம். ஆயருக்கு நன்றிக் கடிதமும் எழுதினார். 1855-இல் அரசு அவருக்கு வீரப் பதக்கம் அளித்தபோது, இதனால் ஏழைகளுக்கு ஏதாவது பணம் வருமா என்று விசாரித்தார். பணம் வராது, பதக்கத்துக்காகத் தாமே பன்னிரண்டு பிராங்கு கட்ட வேண்டும் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார். உதவிக்குருவானவர் பணம் கட்டி வரவழைத்தார். பெட்டி வந்ததும் புனிதரின் அருளிக்கம் என்று ஆவலோடு திறந்தவர், பதக்கத்தைக் கண்டு அதை உதவிக்குருவிடமே கொடுத்துவிட்டார்.

இந்தச் செய்தியை எழுதும்போது, இம்மலரின் பின்பக்கங்களில் அச்சாகும் நன்கொடையாளர் பட்டியலில் யார் பெயர் முதலில் வருவது என்று நமக்குள் எழுந்த வாக்குவாதம் நினைவுக்கு வராமலில்லை. கடைசியில் அகரவரிசைப்படி போட்டுவிட்டோம்.

வெளியாரின் புகழ்ச்சியைவிட வீட்டுக்குள்ளே வந்த சிறுமைகளைத் தாங்குவதே கடினம் என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும். 1845-இல் ரெய்மோன் என்ற குரு உதவிக்கு வந்தார். திறமைசாலி, படித்தவர். உண்மையான பங்குக் குரு தாமே என்று எண்ணினார். பெரியவரை மக்கள் முன்னிலையிலேயே கண்டித்தார், அவர் சொன்னதைப் பிரசங்கத்தில் மறுத்தார். மக்களுக்கு ஆத்திரம். வியான்னி எட்டு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தார். அவரை மாற்றிவிடலாமா என்று மேலிடம் கருதியபோது, அவர் தம் குறைகளைத் துணிந்து சொல்பவர், அவரால் தமக்கு எவ்வளவோ நன்மை என்று பரிந்து பேசினார்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்காக அவர் 1824-இல் தொடங்கிய இல்லம் அவருக்கு உயிர். கத்தரின் லசாஞ் என்ற எளிய கிராமப் பெண்ணும் அவள் தோழிகளும் சம்பளமின்றி அதை நடத்தினார்கள். நாள்தோறும் அங்கே அவர் கொடுத்த மறைக்கல்வியைக் கேட்கத்தான் முதலில் வெளியூர் மக்கள் கூடினார்கள். 1847-இல் அந்த இல்லத்தைத் துறவறச் சகோதரிகளிடம் ஒப்படைக்க ஆயர் முடிவு செய்தார். நிர்வாகத்துக்கு அதுவே நல்லது என்பது மேலிடத்தின் எண்ணம். சுவாமியாருக்கு அதில் தேவ சித்தம் தெரியவில்லை, ஆனால் ஆயருக்குத் தெரிகிறதே என்று கீழ்ப்படிந்தார். தாம் கட்டி வளர்த்ததை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, குறைசொல்லாமல் அடுத்த நாள் காலை ஒரு மணிக்கு எழுந்து வேலைக்குப் போவது என்பது, சங்கங்களிலும் சபைகளிலும் பொறுப்பு வகித்து இறங்கியவர்களுக்குப் புரியும்.

அவருக்குள் ஒரு பெரும் போராட்டமும் இருந்தது. தம்மை உள்ளபடி காட்டும்படி ஒருமுறை கடவுளிடம் கேட்டாராம். கேட்டது கிடைத்தது. தம் வறுமையைக் கண்டு அவநம்பிக்கையின் விளிம்புக்கே போய்விட்டார். பிறகு, அவ்வளவும் காட்ட வேண்டாம் என்று மன்றாட வேண்டியதாயிற்று. தம்மைத் தேடி வந்த ஒரு சீமாட்டிக்கு, இந்த மன்றாட்டைக் கேட்கவேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார். தாழ்ச்சி என்றால் தன்னைத்தானே மிதித்துக்கொண்டிருப்பதல்ல என்பதை அவர் பட்டுத்தான் அறிந்தார். தம் இல்லாமையைப் பார்த்த அதே கண்ணால் தேவ அருளைப் பார்க்காவிட்டால் அது தாழ்ச்சியாகாமல் திகிலாகிவிடும்.

அந்தத் திகில் அவரை முற்றிலும் விட்டுவிடவில்லை. பங்குக் குருவாகவே இறந்து கணக்குக் கொடுக்க வேண்டுமே என்று அஞ்சி, துறவு மடம் ஒன்றில் ஒதுங்க ஆசைப்பட்டார். 1843-இல் பிறந்த ஊருக்கே போய்விட்டார். யாத்திரிகர்கள் அங்கேயும் பின்தொடர்ந்தார்கள், சில நாட்களில் திரும்பிவிட்டார். 1853 செப்டம்பரில் ஓரிரவு மறுபடியும் புறப்பட்டார். இரகசியம் கசிந்துவிட்டது. அப்போதுதான் ஆர்ஸுக்கு வந்திருந்த தொக்கானியே சுவாமி வழியிலே அவருடைய கட்டளைச் செபப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு தாமதப்படுத்தினார். இதற்குள் கோவில் மணியை அபாய மணியாக அடித்தார்கள். தீப்பிடித்ததென்று எண்ணித் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தவர்களும் உண்டு! விளக்குகளோடு மக்கள் அவரைச் சூழ்ந்து, முழந்தாளிட்டு, தங்களை விட்டுப் போகக்கூடாதென்று அழுதார்கள். சற்று நின்றவர், திரும்பிக் கோவிலுக்குள் போய் மேலங்கியை அணிந்துகொண்டு சங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்தார். ஒரு காலத்தில் அதே வாசலில் அசுத்தம் பூசிய ஊர் இது.

ஊர் மாறியது எப்படி? பெரிய அற்புதங்களால் என்று சொல்ல நமக்கு மனமில்லை. வயலுக்குப் போகும்போதும் வரும்போதும் மண்வெட்டியை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து, நற்கருணைப் பேழையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரைப் பற்றிச் சுவாமியார் அடிக்கடி மறைக்கல்வியில் சொல்வார். என்ன செபிக்கிறீர் என்று கேட்டபோது, தாம் அவரைப் பார்ப்பதாகவும் அவர் தம்மைப் பார்ப்பதாகவும் மட்டுமே அந்த உழவர் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போதெல்லாம் சுவாமியார் கண் கலங்குவார். உழவரிடமிருந்து பாடம் கற்றவராகவே அவர் அதைச் சொன்னார். 1845-இல் பாரிஸ் நகரத்தின் புகழ்பெற்ற பிரசங்கியாரான லக்கோர்தேர் அவரைத் தேடிவந்து, பெஞ்சியில் உட்கார்ந்து அவருடைய எளிய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு ஆசீர் கேட்டபோதும், கல்வியில் மிகப் பெரியவர் அறியாமையில் மிகச் சிறியவனிடம் வந்தார் என்று வியந்தாரேயன்றி, அதில் தமக்குப் பெருமை எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

1859 கோடை மிகக் கடுமையானது. ஜூலை மாத இறுதியில் ஒருநாள் வழக்கம்போல இரவு வெகு நேரம் சங்கீர்த்தனம் கேட்டுவிட்டு வந்தவரால் மறுநாள் எழ முடியவில்லை. வெப்பம் தணிய ஊரார் அறைவீட்டுக் கூரையில் துணிகளை விரித்து, ஏணி வைத்து ஏறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தரையில் படுத்துப் பழகியவர், மெத்தை விரிக்க இம்முறை மறுப்புச் சொல்லவில்லை. பங்குக் குருவாக இறக்க அஞ்சியவருக்கு அந்த அச்சம் கடைசி நாட்களில் இல்லாமற் போயிற்று. ஆகஸ்டு 4-ஆம் நாள் அதிகாலை இரண்டு மணிக்கு அமைதியாக உயிர் துறந்தார். வயது 73. அவர் ஒருநாளும் அணியாத அந்த அரசுப் பதக்கத்தை அவர் பெட்டிமேல் வைத்தார்கள், அவரால் தடுக்க முடியவில்லை.

1905-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1925 மே 31-இல் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். 1929-இல் உலகிலுள்ள பங்குக் குருக்கள் அனைவருக்கும் பாதுகாவலரானார். லியோன் குருமடத்திலிருந்து அனுப்பப்பட்ட அந்த மாணவர் அழியாத உடலோடு ஆர்ஸ் பேராலயத்தில் இருக்கிறார். பக்கத்திலே அவருடைய அறைவீட்டை அன்றிருந்தபடியே காத்து வருகிறார்கள். கட்டில், மேசை, சில புத்தகங்கள், அடுப்படி. ஆண்டுதோறும் ஆகஸ்டு 4-ஆம் நாள் நம் பங்குச் சுவாமியாருக்கு நாம் மாலையிட்டு வாழ்த்துப் பாடும்போது கோவிலில் வைக்கும் படத்தில், மெலிந்த முகமும் நரைத்த நீண்ட முடியுமாக நிற்பவர் இவர்தான்.